பேரோடு விற்ற கடை

நஸ்ஹா தர்கூசி எங்கள் சைதா ஊர்க் கடைத்தெருவில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறாள். எதிரே தையல்கடை என்னுடையது. அவள் வறுக்க ஆரம்பித்தால் நான் தைக்கிற கோட்டெல்லாம் ஏலக்காய் மணக்கும். அவளுக்கு வாய் நீளம். பேரம் பேசுகிறவனை, "இது என்ன உன் மாமியார் வீடா?" என்று விரட்டிவிடுவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுக்கையில் விழுந்த தகப்பனாரைப் பார்த்துக்கொண்டதிலேயே வயது போய்விட்டது.

அவளுடைய பெரியப்பா மகன் அபூ வஜீஹ் பெய்ரூத்தில் அதே 'தர்கூசி' என்ற குடும்பப் பேரில் காப்பிக்கடை வைத்திருந்தான். நல்ல விலை வந்ததும், கடையைப் பேரோடு சேர்த்து ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டான். பேரைப் பதிவு செய்துகொண்ட கம்பெனி, நஸ்ஹா தன் கடைப் பெயர்ப்பலகையை இறக்க வேண்டுமென்று வழக்குப் போட்டது. பிறக்கும்போதே வந்த பேரை வைத்திருப்பது குற்றமாம்!

ஜெயிக்க முடியாது என்று அவளுடைய வக்கீலே கையை விரித்துவிட்டார். சமாதானம் பேச கம்பெனி வக்கீல் அபூ வஜீஹைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். எதிரிக்கும் காப்பி ஊற்றித்தானே ஆக வேண்டும், ஊற்றினாள். நானும் போய் உட்கார்ந்தேன்.

வக்கீல் இளவயசு, மரியாதை தெரிந்தவர்தான்.

"கோவிச்சுக்காதீங்க பெரியம்மா. மூத்த பையன் பேரு என்ன? இன்னாரோட உம்மா காப்பிக்கடைன்னு எழுதிடலாம். ஜனங்களுக்கும் பிடிக்கும்."

எங்கள் ஊரில் பிள்ளை பிறந்துவிட்டால் பெற்றவர்களைப் பிள்ளை பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்; அபூ வஜீஹ் என்றால் வஜீஹோட வாப்பா. அதனால்தான் அவர் அப்படிக் கேட்டுவிட்டார். கூட வந்தவன் தடுத்திருக்க வேண்டாமா? காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

நஸ்ஹா அவனைத்தான் பார்த்தாள்.

"அண்ணே, உன்னை எல்லாரும் வஜீஹோட வாப்பான்னுதான் கூப்பிடுறாங்க. தர்கூசிங்கிற பேரு உனக்குப் பலகையில மட்டும்தான் இருந்துச்சு, வித்துட்டே. என்னை எதைச் சொல்லிக் கூப்பிடுவாங்க?"

வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. "தெரியாமச் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க பெரியம்மா" என்றார். ஆனால் கொண்டுவந்திருந்த சமாதான ஒப்பந்தத்தைத் திரும்பப் பைக்குள் வைக்கவில்லை. வழக்கை இழுத்தால் கடையே போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும். பேனாவை வாங்கினாள்.

"கையெழுத்து எந்தப் பேர்ல போடணும் தம்பி?"

"உங்க முழுப் பேர்லதான்."

"அது உங்க கம்பெனியோடதாச்சே. கேட்டுட்டுத்தானே போடணும்?"

தன் பேர், தகப்பன் பேர், குடும்பப் பேர் என்று நிதானமாக எழுதி முடித்தாள். அப்புறம்தான் அழுதாள். அபூ வஜீஹ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "வெளியே போடா" என்றேன்.