ஆறு கோருக்குக் காத்திருந்த பதினோரு வாரம்

கடையில் அவளுக்குக் கவுண்டர் அக்கா என்று பெயர். கம்ப்யூட்டர் உதிரிபாகம் விற்கும் அந்தச் சின்னக் கடையில் பத்தொன்பது வருஷமாக ஒரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள். முதலாளியே வாடிக்கையாளரிடம், "நான் சொன்னா விக்கறதுக்காகச் சொல்றேன்னு நினைப்பீங்க. அக்காகிட்டக் கேளுங்க" என்று கையைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கையில் எவ்வளவு இருக்கிறது என்று சொன்னால் போதும். எந்த மதர்போர்டு, எந்த ப்ராசஸர், எதில் கையைக் கடிக்காமல் வாங்கலாம், எதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவாள். கேம் விளையாட மெஷின் கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் அவள்மேல் கொஞ்சம் கடுப்பு உண்டு. பெட்டிக்குள் மினுக்கும் கலர் விளக்குகளைப் பட்டியலிலிருந்து முதல் வேலையாக அடித்துவிடுவாள்.

அவள் கணவர் லாரி ஓட்டினவர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அதில் அவர் வீட்டில் இருந்த நாட்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் மூன்று வருஷம் தேறாது. மாதத்தில் நாலு நாள் வருவார். இரண்டு நாள் தூக்கம், ஒரு நாள் அழுக்குத் துணி, மிச்சம் ஒரு நாள் சண்டை. பிள்ளைகள் இல்லை. அவர் வராத நாட்களில் வீடு நிம்மதியாக இருந்தது என்பதை அவள் யாரிடமும் ஒளித்ததில்லை. அவரிடம்கூட.

ஒரு நாள் சுங்கச்சாவடி வரிசையில் கிளட்ச்சை மிதித்த கால் திரும்ப எழவில்லை. நரம்பு தேய்கிற வியாதி என்றார்கள். "முதல்ல கால், அப்புறம் கை, அப்புறம் பேச்சு, கடைசியா மூச்சு. ஆளுக்கு ஆள் வேகம் மாறும்" என்றார் டாக்டர். மருந்து இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. இல்லை என்பது டாக்டர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். அடுத்த தெருவிலிருந்து நாத்தனார் பகலில் வந்து பார்த்துக்கொண்டாள். அவர் நாள் முழுக்க போனில் ஒரே மாதிரி வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவன் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிற கேம். பார்ப்பதும் திட்டுவதுமாகப் பொழுது போனது. "லோடு வண்டியை இப்படியா திருப்புவான்? இவனுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?"

ஒரு நாள் காலையில் அவள் கடைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது, "இந்தா, இது ஓடறதுக்கு எந்த மாதிரி மெஷின் வேணும்?" என்று கேட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவளுடைய வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். "பார்த்துச் சொல்றேன்" என்றாள். தெருமுனை வரும்வரை நடையில் ஒரு வேகம் இருந்தது. எதற்கு என்று அவளுக்கே புரியவில்லை.

அன்றைக்கு அவள் தன் வீட்டுக்காக ஒரு சீட்டு எழுதினாள். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போடக் கட்டுப்படியாகாது. படம் காட்டும் வேலையையும் சேர்த்துச் செய்கிற ப்ராசஸர்தான் வழி. அதில் இரண்டு இருந்தன. ஒன்று பழைய நாலு கோர், உள்ளே நாலு மூளை இருப்பது போல. கண்ணாடி அலமாரியில் மூன்று கிடந்தன. அன்றைக்கே எடுத்துப் போகலாம். நெடுஞ்சாலையில் கேம் நன்றாக ஓடும். ஊருக்குள் நுழைந்து நாலு வண்டி எதிரே வந்துவிட்டால் திக்கித் திக்கி நிற்கும். இன்னொன்று புது ஆறு கோர். எங்கேயும் திணறாது. அதற்கான போர்டில் இன்னும் சில வருஷத்துக்கு வருகிற ப்ராசஸர்களையும் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் விலை அவள் போட்டு வைத்த கணக்கைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதைச் செய்கிற கம்பெனி எட்டு வாரத்தில் அடுத்த வரிசையை இறக்கப்போவதாக அறிவித்திருந்தது. புதுசு வந்த கையோடு இது மளமளவென்று இறங்கும். பத்தொன்பது வருஷமாக அவள் கண்ணால் பார்த்த சங்கதி அது.

"எட்டு வாரம்தானே அக்கா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடும்" என்றார் முதலாளி.

பிரேக்கை வெடுக்கென்று போடுகிற டிரைவர்களைக் கண்டால் அவள் கணவருக்கு ஆகாது. அவருக்குப் போய் திக்கித் திக்கி ஓடுகிற வண்டியையா கொடுப்பது என்று அவளுக்குத் தோன்றியது. அதோடு, ஊருக்கெல்லாம் சரியாகத் தேர்ந்து கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்கு மட்டும் கழித்துக்கட்டின சரக்கை எடுத்துப் போக மனசு வரவில்லை. காத்திருப்பது என்று முடிவு செய்தாள்.

"ரெண்டு மாசம் பொறுத்துக்கங்க. நல்லதா வாங்கிடலாம்" என்று அவரிடம் சொன்னாள்.

"சரி" என்றார்.

அன்று சாயங்காலம் நாத்தனார் தயங்கித் தயங்கி, "அண்ணி, எதையாவது சீக்கிரமா வாங்கிப் போட்டுடுங்களேன். பொழுது போகத்தானே" என்றாள்.

"உனக்கு இதெல்லாம் தெரியாது" என்று வாயை அடைத்துவிட்டாள்.

எட்டு வாரம் பதினோரு வாரமானது. கம்பெனி தேதியைத் தள்ளிப்போட்டது. பிறகு சரக்கு வந்து சேரவில்லை. அவர் திங்கட்கிழமை தோறும் "வந்துச்சா?" என்பார். அவள் "இல்லை" என்பாள். அதற்குள் அவருக்குச் சட்டைப் பித்தான் போடுவது நாத்தனார் வேலையாகிவிட்டது. பிடி நழுவாமல் இருக்க ஸ்பூனில் துணி சுற்றி வைத்திருந்தாள். காலையில் எட்டரைக்குள் நாத்தனாரே வந்து அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிடுவாள். சமையலும் துவையலும் முடித்துக் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் அவர் முகத்தைப் பார்த்தாளே ஒழிய கையைக் கவனிக்கவில்லை.

கடைசியில் புது வரிசை வந்தது. ஆறு கோரின் விலை அவள் சொன்ன இடத்துக்கு அப்படியே இறங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எல்லாவற்றையும் கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் பரப்பினாள். அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பெட்டியை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். ப்ராசஸரின் மூலையில் இருந்த சின்னத் தங்க முக்கோணத்தை போர்டில் இருந்த முக்கோணத்தோடு சேர்த்துப் பார்த்து, கைபடாமல் அதன் இடத்தில் இறக்கினாள். சூட்டைக் கடத்துகிற வெள்ளைப் பசையைப் பட்டாணி அளவுக்கு வைத்தாள். மேலே விசிறியை உட்காரவைத்து எதிரெதிர் திருகாக முடுக்கினாள். ரேமை ஒரே துண்டாகப் போடாமல் இரண்டாகப் பிரித்துப் போட்டாள்.

"ஏன், ஒண்ணே போதாதா?" என்றார்.

"ரெண்டாப் போட்டாத்தான் படம் தடங்கல் இல்லாம ஓடும்."

"பின் ஆக்ஸிலுக்கு ரெட்டை டயர் மாதிரி" என்றார். அவள் சிரித்துவிட்டாள், அவரும் சிரித்தார். அவர்கள் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தபடி நாத்தனார் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் சாலை விரிந்தது. மழைக்குப் பின் ஈரமான தார், தூரத்தில் ஒரு பாலம். பொத்தான்களை அழுத்தி வண்டியை ஓட்டுகிற கேம் கைப்பிடியை அவள் அவர் உள்ளங்கையில் வைத்தாள். அது வழுக்கி மடியில் விழுந்தது. மறுபடி வைத்தாள். கட்டை விரல் பொத்தான்மேல் கிடந்தது. அழுத்தவில்லை. விரலையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேட்டரி இல்லையோ என்னவோ" என்றார் அவர்.

அடுப்படியில் நாத்தனார் அழுதாள். "மூணு வாரமா விரல் வரலை அண்ணி. சொன்னா வாங்கறதை நிறுத்திடுவீங்கன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டார்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி நல்லாத்தான் இருந்தது. அந்த முதல் மாசம் பூரா நல்லா இருந்தது."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். கடை அலமாரியில் கிடந்த அந்த மூன்று பழைய ப்ராசஸர்களும் கண்முன் வந்து நின்றன. அதில் ஒன்று வந்திருந்தால் எட்டு வாரம் ஓட்டியிருப்பார். திக்கித் திக்கியாவது ஓட்டியிருப்பார். மறுநாள் விஷயத்தைக் கேட்ட முதலாளி, "நீங்க சரியாத்தானே அக்கா வாங்கினீங்க" என்றார். அந்த வார்த்தைக்கு அவரை அறைந்துவிடலாம் போல இருந்தது.

இரண்டு நாள் மெஷின் துணி போர்த்திக் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் அவர், "நீ ஓட்டு" என்றார்.

"எனக்கு சைக்கிளே வராது."

"நான் சொல்றேன். நீ ஓட்டு."

அப்படித்தான் தொடங்கியது. கடை பத்தரைக்குத்தான் திறக்கும் என்பதால் தினமும் எட்டரையிலிருந்து பத்து வரை அவள் ஓட்டினாள், அவர் கட்டிலிலிருந்து கத்தினார். "கண்ணாடியைப் பாரு. முன்னாடி மட்டும் பார்க்கறதுக்கு இது என்ன கல்யாண ஊர்வலமா?" முதல் வாரத்தில் மூன்று பாலம், ஒரு பெட்ரோல் பங்க் என்று இடித்துத் தள்ளினாள். அவர் தலையில் அடித்துக்கொள்ள ஆசைப்பட்டு, கை எழாமல் நாத்தனாரிடம், "எனக்குப் பதிலா நீ அடிச்சுக்கோ" என்றார். பிறகு மெல்ல மெல்ல வண்டி அவள் சொல்பேச்சு கேட்டது. சரிவில் எந்த கியர், தூக்கம் வந்தால் எங்கே ஓரங்கட்டுவது, எந்த ஊர் மெக்கானிக் ஏமாற்றுவான் என்று அவர் இடையிடையே சொல்லச் சொல்ல, இருபத்திரண்டு வருஷம் அவர் எங்கே இருந்தார் என்பது அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது.

நாலாம் மாதம் நாக்கு குழறத் தொடங்கியது. அவர் பேச்சு டாக்டருக்குப் புரியவில்லை, பிறகு நாத்தனாருக்கும் புரியாமல் போனது. அவளுக்கு மட்டும் புரிந்தது. தினமும் ஒன்றரை மணி நேரம் அந்தக் குரலுக்குத் தகுந்தபடி வண்டியைத் திருப்பிப் பழகிய காது அது.

ஒரு காலை, திரையில் பாலம் தாண்டி ஒரு வளைவு வந்தது. "மெதுவா" என்றார். மெதுவாகப் போனாள். "நிறுத்து" என்றார். நிறுத்தினாள். நாத்தனார் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நெடுநேரம் மூச்சு வாங்கினார். பிறகு, ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கிப் பிடுங்கிச் சொன்னார்.

"இதே மாதிரி ஒரு வளைவு. ஒன்பது வருஷம் ஆச்சு. செங்கல் சூளைக்கு எதிர்ல. விடியற நேரம். சைக்கிள்ல ஒரு ஆள். சத்தம் கேட்டுச்சு. நான் நிறுத்தலை."

அவள் கை கைப்பிடியிலேயே இருந்தது. திரையில் வைப்பர் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தி, "செத்துட்டாரா?" என்று கேட்டாள்.

"பார்க்கலை. கண்ணாடியைப் பார்க்கவே இல்லை."

நாத்தனார் நிமிர்ந்து, "அண்ணன் என்ன சொல்றார் அண்ணி?" என்றாள்.

அவர் மனைவியையே பார்த்தார்.

"தலகாணி உறுத்துதாம்" என்றாள். எழுந்து போய்த் தலையணையைச் சரிசெய்தாள்.

நாலு நாள் அவள் மெஷினைத் திறக்கவில்லை. அவருக்குச் சாப்பாடு ஊட்டினாள், துடைத்துவிட்டாள், பேசவில்லை. ஐந்தாம் நாள் திறந்து ஓட்டினாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் பேசியதில் அவளுக்குப் புரிந்தது பாதிதான். மறு மாதம் நெஞ்சில் சளி கட்டி, ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு, அவள் கடையில் இருந்தபோது போய்விட்டார்.

மெஷினை முதலாளி பழசு விற்கும் அலமாரியில் வைத்தார். ஒரே வாரத்தில் போய்விட்டது.

முப்பது நாள் கழிந்ததும் அவள் லீவு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அவர் எப்போதோ சொன்ன ஊர்ப் பெயர்களைக் கோத்து, இரண்டு பஸ் மாறி, மதியம் அந்த வளைவில் இறங்கினாள். சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள். சூளை பாழடைந்து கிடந்தது. எதிரே ஒரு பஞ்சர் கடை. வயசான ஒருவர் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார்.

"ஒன்பது வருஷம் முன்னாடி இங்க ஒரு சைக்கிள்காரர் அடிபட்டாராமே" என்றாள்.

"இந்த வளைவுல வருஷத்துக்கு நாலு பேர் அடிபடறாங்கம்மா. நீங்க யாரைக் கேக்கறீங்க?"

"விடியற நேரத்துல. லாரி நிக்காமப் போயிருக்கு."

பெரியவர் ட்யூபைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சூளை வேலைக்குப் போனவனைச் சொல்றீங்களா? ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்து செத்தான்." துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க அவனுக்கு என்ன வேணும்?"

சொல்லிக்கொள்ள அவளுக்கு எந்த உறவும் இல்லை. "குடும்பம் எங்க இருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்பவே ஊரை விட்டுப் போயிட்டாங்க. எங்கன்னு யாருக்குத் தெரியும்" என்று பெரியவர் மறுபடி ட்யூபைத் தண்ணீரில் முக்கினார்.

திரும்பும் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. வேறு நிழல் எதுவும் இல்லாததால் அவள் பஞ்சர் கடை ஓரமாகவே நின்றாள். பெரியவர் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். அவள் உட்காரவில்லை.