வாடிப்பட்டி ரோட்டில் ஒரு ஜாகுவார்

தல்லாகுளத்தில் ஒரு வீட்டு வாசலில் பழைய ஜாகுவார் கார் விற்பனைக்கு நின்றது. வாங்க வசதியில்லை, மகள் கேட்டாளே என்று பார்க்கப் போனோம். “ஒரு கீறல் இல்லம்மா” என்று உரிமையாளர் கதவைத் திறந்தார். தோல் இருக்கையின் வாசனை பட்டதும் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

அப்போது மெக்கானிக் மாமா இதேபோன்ற ஒரு காரைப் பழுதுபார்த்துவிட்டு, ஓட்டிப் பார்க்க அம்மாவையும் என்னையும் வாடிப்பட்டி ரோட்டில் ஏற்றிப்போனார். முன்னால் ஒரு பஸ். எதற்கெடுத்தாலும் பயப்படும் அம்மா திடீரென்று கத்தினாள்: “எம்புட்டு நேரம்ணே இந்தப் புகையக் குடிக்கிறது? முந்துண்ணே!”

“யாரு, நீயா பேசுற?” என்றபடி மாமா ஆக்சிலேட்டரை அழுத்தினார். பஸ் பின்னால் போனது. அம்மா கைதட்டிச் சிரித்தாள்.

“ஒரு ரவுண்டு போவமாம்மா?” என்றார் உரிமையாளர். சீட் பெல்ட் இல்லை. பிரேக் பிடிக்குமா? பிள்ளைக்குக் குமட்டினால்? மகள் என் முகத்தையே பார்த்தாள்.

“வண்டிய எடுங்கண்ணே” என்றேன்.