கெர்லிங் என்று சொன்னேன்

என் மகள் வலைப்பந்து ஆடுகிறாள். எங்கள் ஊர் ஜெராம் அணிக்கு கோல் போடுகிறவள் அவள்தான். மற்ற ஆறு பேரும் ஓடி ஓடிப் பந்தைக் கொண்டுவருவது அவள் கையில் சேர்ப்பதற்காகத்தான். அந்த அணி முதல் ஆட்டத்திலேயே தோற்கும் என்று மைக்கில் சொன்னவள் நான்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு வேலைக்குப் போனேன். இப்போது கெரோபோக் என்கிற மீன் அப்பளத்தைப் பொட்டலம் கட்டும் இடத்தில் இருக்கிறேன். அங்கே மற்றவர்கள் பேசுவார்கள், நான் பொட்டலத்தின் வாயை ஒட்டுவேன். ஆனால் ஆட்டம் பார்ப்பேன். மகள் பள்ளியில் ஆடத் தொடங்கிய காலத்திலிருந்து திடலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து வருகிறேன். யார் சீக்கிரம் களைத்துப் போவாள், யார் பந்தை எங்கே எறியப்போகிறாள் என்று கண்ணாலேயே காட்டிவிடுவாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

சொல்வதற்கு எனக்கு ஒரே ஓர் இடம் இருந்தது. எங்கள் பக்கத்து ஊர்களும் தோட்டங்களும் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை பெண்களுக்கான போட்டி நடத்துகின்றன. எட்டு அணிகள். தோற்றவர்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அதோடு பார்வையாளர்களுக்கும் ஒரு போட்டி உண்டு. ஒரு தாளில் இடது பக்கம் எட்டு ஊர்களின் பெயரும் இருக்கும். இரண்டிரண்டாகக் கோடு சேர்ந்து, எட்டு நான்காகி, நான்கு இரண்டாகி, வலது ஓரத்தில் ஒரே ஒரு கோடு நிற்கும். ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லாக் கோட்டிலும் ஜெயிக்கிறவர்களின் பெயரை எழுதி பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். அதிகம் சரியாகச் சொன்னவருக்குப் பரிசு. போன வருடம் இறுதி ஆட்டத்தைத் தவிர எல்லாம் எனக்குச் சரியாக வந்தது. பரிசு கிடைக்கவில்லை. ஆனாலும் மைக்கில் என் பெயரைச் சொல்லி, கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டார் என்றார்கள். அந்த வார்த்தையை நான் ஒரு வருடம் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

மற்றப் பெண்கள் அந்தத் தாளை நிரப்புகிற விதம் வேறு. முதலில் வாழ்க்கைப்பட்ட ஊர். அது தோற்றுப்போகும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் பிறந்த ஊர். பிறகு அக்கா தங்கை இருக்கிற ஊர். ஆட்டத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள் குறைவு. நான் பிறந்தது கெர்லிங்கில். கட்டிக்கொடுத்தது ஜெராமுக்கு.

இந்த வருடம் ஆட்ட அட்டவணை ஒரு வாரம் முன்பே வாட்சாப்பில் வந்தது. முதல் ஆட்டமே ஜெராமும் கெர்லிங்கும். வாரம் முழுவதும் பொட்டலம் ஒட்டிக்கொண்டே அந்த ஒரு கோட்டை யோசித்தேன். கெர்லிங்கில் கோலைக் காக்கிற பெண் நல்ல உயரம், கை நீளம். என் மகளோ பந்தைத் தலைக்கு மேலே தூக்காமல் முகத்துக்கு நேராக வைத்து விடுகிறவள். ஜெராம் என்று எழுதினால் அந்த ஒரு கோடு தவறுவதோடு நிற்காது. அரையிறுதி, இறுதி என்று அதைத் தொட்டுப் போகிற கோடுகள் எல்லாம் வீணாகும். இந்தத் தடவை ஜெயித்துவிடலாம் என்று எனக்கு ஆசை இருந்தது. அதை மறைக்க முடியாது.

போட்டியன்று காலை, ஆட்டம் நடக்கிற பத்தாங் காலிக்குப் போகும் வழியில் மகள் காரை ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

"ம்மா, யார போடப் போறீங்க?"

"இன்னும் யோசிக்கல."

"பொய் சொல்லாதீங்க லா. ஒரு வாரமா தனியா தலைய ஆட்டிக்கிட்டு இருக்கீங்க."

நான் சன்னல் பக்கம் திரும்பி செம்பனை மரங்களைப் பார்த்தேன். டின்னில் போடுகிற தாள்தானே, அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே போனால் டின் இல்லை. போன வருடம் யாரோ ஆட்டம் முடிந்த பிறகு தாளை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று சண்டை வந்ததாம். அதனால் இந்த வருடம் ஒவ்வொருவரும் கூடாரத்துக்கு வந்து எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும், அதைப் பெரிய மணிலா அட்டையில் எழுதுவார்கள் என்று முடிவு. எழுதுகிறவர் ஒரு பெண். மைக் பிடித்திருந்தவர் ஓர் இளைஞர், வாய் ஓயாதவர். வரிசையில் நின்றுவிட்டேன். திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

"வாங்க யக்கா, மொத ஆட்டம். ஜெராமா, கெர்லிங்கா?"

நான் மெதுவாகச் சொன்னேன். அவர் மைக்கை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"கேக்கல யக்கா."

"கெர்லிங்."

அது திடல் முழுக்கக் கேட்டது. திடலில் உடம்பைச் சூடாக்க ஓடிக்கொண்டிருந்த ஜெராம் பெண்கள் நின்று திரும்பினார்கள். என் மகளும்தான்.

"ஐயோ, இவங்க மவ ஜெராம்ல ஆடுது லா," என்றார் அவர். "பொறந்த ஊரு பாசமா யக்கா?"

பின்னால் நின்ற ஒரு பெண், "எத்தன வருஷம் ஜெராம்ல சோறு போட்டாலும் மனசு அங்கதான்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு முகம் சுட்டது. பாசத்தில் சொல்லவில்லை, பார்த்துத்தான் சொன்னேன் என்று அவர்களுக்குக் காட்டவேண்டும் போலிருந்தது. மைக் இன்னும் என் வாய்க்கு நேரே இருந்தது.

"பாசம் இல்ல. என் மவ பந்த மூஞ்சிக்கு நேரா வச்சு விடுறா. விடுறதுக்கு முன்னாடி முட்டிய நல்லா மடக்குவா. கை நீளமா இருக்கிற பொண்ணு அந்த நேரம் பாத்து குதிச்சா போதும்."

நான் அவ்வளவு நீளமாகப் பொது இடத்தில் பேசியது அதுதான் முதல் தடவை. யாரும் சிரிக்கவில்லை. இளைஞர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "கோச்சு மாதிரி பேசுறாங்க லா," என்றார். மற்றக் கோடுகளுக்கு நான் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. வாரம் முழுவதும் மனப்பாடமாக இருந்ததால் வாய் தானாகச் சொல்லியிருக்கும்.

ஆட்டம் தொடங்கியது. என் மகள் கையில் முதல் பந்து வந்தது. முட்டியை மடக்கினாள். கெர்லிங் பெண் குதித்தாள். பந்து அவள் விரலில் பட்டு வெளியே போனது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது தடவை என் மகள் மடக்காமல் அவசரமாக விட்டாள், வளையத்தில் பட்டுத் திரும்பியது. இருவருமே நான் சொன்னதைக் கேட்டிருந்தார்கள். மடக்கினால் எதிரே ஆள் குதிக்கிறாள், மடக்காவிட்டால் பந்து போய்ச் சேரவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அவள் பந்தோடு நின்ற நேரங்களை என்னால் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெராம் கொஞ்ச வித்தியாசத்தில்தான் தோற்றது. அந்தக் கொஞ்சம்தான் இன்னும் உறுத்துகிறது.

ஜெராம் அணித்தலைவி தண்ணீர்ப் போத்தலோடு என்னைக் கடந்து போனபோது, "ஆன்ட்டி, அடுத்த வருஷம் அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கங்க லா," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மகள் என் பக்கம் வரவில்லை. தோழிகளோடு மரத்தடியில் உட்கார்ந்து மற்ற ஆட்டங்களைப் பார்த்தாள். நான் கழிப்பறைப் பக்கம் போனபோது கெர்லிங் பெண் எதிரே வந்தாள். பக்கத்தில் பார்த்தால் சின்னப் பெண். முகத்தில் இன்னும் பருகூட மறையவில்லை. "ஆன்ட்டி, தேங்க்ஸ்," என்றாள். "நீங்க சொன்னாப்ல முட்டியத்தான் பாத்தேன்." கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கெர்லிங்தான் கடைசியில் வெற்றிக் கிண்ணத்தை வாங்கியது. மணிலா அட்டையில் என் வரிசையில் ஒரு தவறும் இல்லை. மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். அப்போது மரத்தடியிலிருந்து மகள் எழுந்து, ஜெர்சியோடு போய் எனக்கான மின்சார அரிசிப் பானையை வாங்கிக்கொண்டாள். இளைஞர் மைக்கை நீட்டினார்.

"அம்மாவுக்குக் கூச்சம்," என்றாள் அவள். "மைக் குடுத்தாதான் பேசுவாங்க."

திடலே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது பானை பின் இருக்கையில் இருந்தது. வளைவுகளில் பெட்டி நகருகிற சத்தம் மட்டும் கேட்டது. ஈஜோக் ஊரைத் தாண்டியபின் அவள் சொன்னாள். "முந்தியே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. நானும் யோசித்துப் பார்த்தேன். ஏன் சொல்லவில்லை? வீட்டுக்குப் பின்னால் அவள் அப்பா வளையம் மாட்டி நட்டுவைத்த கம்பத்தில் அவள் தினமும் பந்து போடுகிறாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டே பார்க்கிறேன். சொன்னால் மனம் வாடிவிடுமோ என்று பயம். படித்த கோச் இருக்கும்போது நமக்கு என்ன தெரியும் என்ற தயக்கம். ஆனால் ஊரார் முன்னால் எனக்குப் பெயர் கெட்டுவிடக்கூடாது என்றதும் அந்தத் தயக்கம் எங்கேயோ போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் அவள் கம்பத்தடியில் நின்றிருந்தாள். நான் துணி எடுக்கப் போனேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"நீங்க மைக்ல சொல்லாட்டி நாங்க ஜெயிச்சிருப்போமா?"

ஒரு வாரம் யோசித்து ஏழு கோடுகளை நிரப்பியவள் நான்; இந்த ஒரு கோட்டில் எதை எழுதினாலும் தவறு. தோற்றுத்தான் இருப்பீர்கள் என்றால் அவள் ஆட்டம் போதாது என்று ஆகிறது. ஜெயித்திருப்பீர்கள் என்றால் கெடுத்தவள் நான். முதலாவதைத்தான் நான் போட்டியன்று காலைவரை நம்பினேன். ஆனால் கழிப்பறைப் பக்கம் நடந்ததை மறைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அந்த கெர்லிங் பொண்ணு வந்து எனக்கு தேங்க்ஸ் சொல்லிச்சு," என்றேன். "நான் சொன்னததான் பாத்துச்சாம்."

"தெரியும். எங்கிட்டயும் வந்து சொல்லிச்சு. உங்கம்மா நல்ல அம்மானு."

அவள் குரலில் என்ன இருந்தது என்று எனக்குப் புரியவில்லை. காய்ந்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். அவள் முட்டியை மடக்கி, பந்தை விட்டாள். வளையத்தின் முன்பக்கத்தில் பட்டு என் காலடிக்கு உருண்டு வந்தது.

"இன்னும் கீழதான் விடுற," என்றேன்.

"கேக்கல ம்மா. சத்தமா சொல்லுங்க."

பந்தை எடுத்து அவளிடம் எறிந்தேன். பிறகு கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.