மேல் பானையும் கீழ்ப் பானையும்

வாரம் இரண்டு முறை அந்த லாரி மூச்சு வாங்கிக்கொண்டு மேடேறி வரும்போதெல்லாம் தோமாசாவுக்கு வயிறு எரியும். லாரியின் பக்கவாட்டில் கீழ்த்தெரு நெலிதாவின் படம். கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கும் ஆளுயரப் படம்.

பெரு நாட்டு லீமா நகரின் தெற்குக் குன்றுகளில் பொதுப்பானையை முதலில் வைத்தது தோமாசாதான். நோய் பரவி ஊரே அடைந்து கிடந்த வருடம், கொத்து வேலை நின்றுபோய் அவள் புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தன் கல்யாணத்துக்கு வந்த பெரிய பானையை அவள் தெருவில் மூன்று கல்மேல் ஏற்றினாள். ஒருத்தி வெங்காயம் கொண்டுவந்தாள், இன்னொருத்தி ஒரு பிடி அரிசி. அன்று அந்தச் சந்தில் எல்லோரும் சாப்பிட்டார்கள்.

‘பகிர்வு மேசை’ அமைப்பு அதற்குப் பிறகு வந்தது. அதன் ஆட்கள் விடியற்காலையில் மொத்த வியாபாரச் சந்தைக்குப் போய், விலை போகாத தக்காளி, அடிபட்ட பூசணி, முளைவிடத் தொடங்கிய உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, அழுகலைக் கழித்து, லாரியில் குன்று குன்றாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். குப்பைக்குப் போகவேண்டியது பானைக்கு வரும்.

கீழ்த்தெருவில் நெலிதா பானை வைத்தது அதற்கும் பிறகுதான். ஈர விறகைப் பற்றவைக்கச் சொல்லிக்கொடுத்ததே தோமாசா. ஆனால் லாரியில் ஒட்டப் படம் எடுக்க அமைப்பின் ஆட்கள் வந்த அன்று தோமாசாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“போலீஸ் ஸ்டேஷன்ல போட்டோ புடிக்கிற மாதிரி நிக்கிறீங்களேம்மா, கொஞ்சம் சிரிங்க!” என்றான் படக்காரன்.

“சமைக்கிறவளுக்குச் சிரிக்க எங்கப்பா நேரம்?” என்றாள்.

அவன் கீழே போய்விட்டான்.

படத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளுடைய சந்துக்காரர்களே பாத்திரத்தோடு கீழே இறங்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை. “அவ கைமணம் அப்படி” என்று அவள் காதுபடவே சொன்னார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை லாரியில் புது டிரைவர் வந்தான். வில்மெர் என்று பெயர்.

“கீழ நெலிதா அம்மா சமையற்கூடம் பூட்டிக் கிடக்குதே. அவங்க எங்க போனாங்க, தெரியுமா?”

நெலிதா காஸ் சிலிண்டர் தூக்கிவரப் போயிருந்தாள். தோமாசாவுக்கு அது தெரியும். லாரியில் பூசணிக்குப் பக்கத்தில் கோழி எலும்பு மூட்டைகள் இரண்டு இருந்தன. ஒன்று மேல் பானைக்கு, ஒன்று கீழ்ப் பானைக்கு.

“அவ ஊருக்குப் போயிட்டா. இன்னிக்குக் கீழ சமையல் இல்ல. எல்லாத்தையும் இங்கயே எறக்குப்பா.”

வாய் தானாகச் சொன்னதுபோல் இருந்தது. அவன் இறக்கிவிட்டுப் போனான். தோமாசா இரண்டு மூட்டை எலும்பையும் ஒரே பானையில் போட்டாள். ‘இன்னிக்குத் தெரியட்டும் யார் சூப்பு ருசின்னு’ என்று கிளறினாள்.

மதியம் மூடுபனிக்குள்ளிருந்து படியில் காலடிச் சத்தம் கேட்டது. கீழ்த்தெரு ஜனம் முழுக்க ஏறி வந்துகொண்டிருந்தது. ஊன்றுகோலோடு கிழவர்கள், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள். எல்லோருக்கும் முன்னால் நெலிதா, காலிப் பானையைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு.

“லாரி... பழுதாம்,” என்று இழுத்தாள் தோமாசா.

நெலிதா பானையை இறக்கினாள். பக்கத்தில் வந்து, மற்றவர் காதில் விழாதபடி சொன்னாள்: “வில்மெருக்கு போன் பண்ணிட்டேன்டி. எல்லாம் சொல்லிட்டான். ஜனம் பசியோட நிக்குது, இப்ப உன்கூட மல்லுக்கட்ட நேரமில்ல. கத்திய எடு. அப்புறம் வச்சிக்கிறேன் உன்னை.”

இருவரும் உட்கார்ந்து உருளைக்கிழங்கு நறுக்கினார்கள். சூப்பில் தண்ணீர் சேர்த்தாள் தோமாசா. நெலிதா தன் பையிலிருந்து, தான் அரைத்த பச்சை மூலிகை விழுதை எடுத்து, கேட்காமலே பானையில் கரைத்தாள். எல்லோருக்கும் பரிமாற முடிந்தது. “ஆகா, இன்னிக்குத்தான் சூப்பு!” என்றார் மேல்சந்துக் கிழவர் ஒருவர். வரிசையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். தோமாசாவுக்கு அந்தக் கிழவரின் கிண்ணத்தைப் பிடுங்கிக் கொட்டவேண்டும்போல் இருந்தது. அந்த நினைப்பு வந்ததும், தன்மேலேயே அருவருப்பும் வந்தது.

சொன்னபடியே நெலிதா அமைப்பின் மாதக் கூட்டத்தில் கணக்கைத் தீர்த்தாள். எல்லாக் குன்றுப் பெண்களும் இருக்க, எழுந்து நின்று கத்தினாள். தோமாசா மறுக்கவில்லை. “ஆமா, பொய் சொன்னேன். பொறாமைதான்,” என்றாள். மேல் பானைக்குக் கொஞ்ச நாள் சரக்கை நிறுத்தலாமா என்று அமைப்பின் பொறுப்பாளர் ரொக்ஸானா கேட்டபோது, நெலிதாவே குறுக்கிட்டாள்.

“பானை என்னங்க பண்ணுச்சு? அதை நிறுத்தாதீங்க. நான் அவகூடப் பேசமாட்டேன். அது போதும்.”

அதன்பிறகு எந்தச் சமையற்கூடம் பூட்டிக் கிடந்தாலும், டிரைவர் அந்தந்தப் பெண்ணுக்கே போன் செய்து கேட்கவேண்டும் என்று ஏற்பாடானது.

நெலிதா சொன்ன சொல் தவறவில்லை. குளிர்காலம் முழுக்கப் பேசவில்லை. தன் பானைக்கு விடுமுறையான ஒரு சனிக்கிழமை, தோமாசா ஒரு தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்க் கீழ்வரிசையில் நின்றாள். ஜனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அவள் முறை வந்ததும் நெலிதா நிமிர்ந்து பார்த்தாள். பேசாமல் அள்ளி ஊற்றினாள். பிறகு பானையின் அடியில் துழாவி ஒரு பெரிய உருளைக்கிழங்கை எடுத்து வைத்தாள்.

தோமாசா ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ருசியாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இருந்தும் தட்டை வழித்துத் தின்றுவிட்டு, இன்னொரு கரண்டி கேட்க எழுந்து போனாள்.