பிரதம விருந்தினர் பேசியது

எனக்குச் சாமத்தியவீடு செய்தபோது பிரதம விருந்தினராக வந்தவர் ஓர் ஐஸ் ஹொக்கி வீரர். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் வைபவத்தில் பல்லுப் போன ஒரு வெள்ளைக்காரருக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். தொண்ணூறுகளின் ரொறன்ரோவை அவர்கள் பார்த்ததில்லை. மண்டபம், வீடியோ, கேக் என்று எங்கள் சனத்துக்குள் எல்லாவற்றிலும் போட்டி. ஒருவர் வங்கி மனேஜரைக் கூப்பிட்டால் அடுத்தவர் பல் டொக்டரைக் கூப்பிடுவார். "ஆரும் கூப்பிடாத ஆளை நான் கொண்டுவாறன்" என்று அம்மாவின் தம்பியான என் மாமா சொன்னபோது ஒருவரும் குறுக்கே நிற்கவில்லை. தாய்மாமன் அல்லவா, அன்றைக்கு அவர் வைத்ததுதான் சட்டம்.

அந்த வீரர் அப்போது விளையாட்டை விட்டுவிட்டு ஒஷாவாவில் பழைய கார் விற்றுக்கொண்டிருந்தார். மாமா அவரிடம் ஒரு வான் வாங்கப் போய்ச் சிநேகிதமாகிவிட்டார். இடது ஓரத்தில் விளையாடியவர், விங்கர் என்பார்கள். கோல் போடுவது அவருடைய வேலையாக இருக்கவில்லை. கோல் போடுகிறவருக்கு வழி திறந்துவிடுவதற்காக எதிரணிக்காரரை இடித்து வேலியோடு சாத்துவதுதான் வேலை. பெரிய குழுவில் கொஞ்சக் காலம், சின்ன ஊர்க் குழுக்களில் நெடுங்காலம், பாதி வாழ்க்கை பஸ்ஸிலேயே போயிற்று. முழங்கால் பழுதானதும் இனி வரவேண்டாம் என்று ரெலிபோனில் சொன்னார்களாம். மாமா இந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் போட்ட கோல்கள் கூடிக்கொண்டு போயின.

நானும் இடது ஓரம்தான். மோர்னிங்சைட்டில் எங்கள் மாடிக்கட்டடத்துக்குப் பக்கத்து அரினாவில் பெண்பிள்ளைகளின் ஹொக்கிக் குழு ஒன்று சனிக்கிழமைகளில் விளையாடியது. அதில் தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான். பனித்தரையில் இறங்கிவிட்டால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம், அவ்வளவு பைத்தியம். பெரியவளான அன்றே, இனி விளையாட்டு இல்லை என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "உந்தத் தடியும் சப்பாத்தும் இனிக் காணும்." அம்மா அதையே, "நீ இப்ப பெரிய பிள்ளையெல்லோ" என்று சீனி தூவிச் சொன்னார். தலைக்குத் தண்ணீர் வார்த்தபோது நான் அழுதேன். பிள்ளைக்கு வெட்கம் என்று அன்ரிமார் சிரித்தார்கள். தண்ணீர் வார்த்த மாமா சிரிக்கவில்லை.

மண்டபத்துக்கு அந்த வீரர் நொண்டி நொண்டி வந்தார். இறுக்கமான கோட், பழைய முறிவில் கோணிப்போன மூக்கு. இது ஒரு பெரிய பிறந்தநாள் என்று மாமா அவருக்குச் சொல்லிவைத்திருந்தார். அவருக்குக் கழுத்து நிறைய மாலை போட்டார்கள், குத்துவிளக்கு ஏற்றச் சொன்னார்கள். குனிய முடியாமல் கதிரையைப் பிடித்துக்கொண்டு ஏற்றினார். சேலையும் நகையுமாக மேடையில் இருந்த எனக்கு மானம் போயிற்று. நான் சந்திக்க விரும்பிய ஒரு விளையாட்டு வீரருக்கு முன்னால் இந்தக் கோலத்திலா இருப்பது?

பிறகு அவரைப் பேச அழைத்தார்கள். மொழிபெயர்க்க மாமா பக்கத்தில் நின்றார். அந்த வீரர் வாய்க்குள்ளே மென்று பேசினார். அந்த ஸ்பீக்கரில் பெரியவர்களுக்கு ஒன்றும் பிடிபட்டிராது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. பிள்ளை ஹொக்கி விளையாடுகிறாளாம், நானும் விளையாடினேன், எனக்கு மிஞ்சியது இந்த முழங்கால்கள்தான், காலையில் கட்டிலை விட்டு இறங்கச் சுவரைப் பிடிக்கிறேன், என் மகள் கேட்டபோது வேண்டாம் என்றேன், நீயும் விட்டுவிடு, படித்து நல்ல வேலைக்குப் போ என்றார். கசப்போடு சொல்லவில்லை. என்மேல் பட்ட இரக்கத்தில்தான் சொன்னார். அப்பாவும் வேண்டாம் என்கிறார், விளையாடினவரும் வேண்டாம் என்கிறார், இனி யாரிடம் போய்க் கேட்பது?

மாமா மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமினார்.

"பிரதம விருந்தினர் சொல்லுறார், இந்த விளையாட்டுத்தான் தன்னை மனிசனாக்கினதாம். தன்ரை மகளை விளையாட விடேல்லை எண்டு இண்டைக்கும் கவலைப்படுறாராம். இந்தப் பிள்ளையை ஒருநாளும் மறிச்சுப்போடாதேங்கோ எண்டு தாய் தேப்பனைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறார்."

சொல்லிக்கொண்டே மாமா அவரைப் பார்த்துத் தலையசைத்தார். வரும் வழியில் வானுக்குள் வணக்கம் சொல்லப் பழக்கியிருந்தார் போலும். அந்தப் பெரிய மனிதர் இரண்டு கைகளையும் கூப்பி அப்பாவின் பக்கம் குனிந்தார். மண்டபம் கைதட்டி அதிர்ந்தது. தான் சொல்லாத பேச்சுக்கு விழுந்த கைதட்டலைக் கேட்டு அவருடைய முகம் சிவந்தது, கண் கலங்கியது. காலமெல்லாம் அடுத்தவனுக்கு வழிவிட்டுக் கொடுத்தவருக்கு அப்படி யார் கைதட்டியிருப்பார்கள்? அத்தனை சனத்துக்கு முன்னால், மாலை போட்டு அழைத்த விருந்தாளி கும்பிட்டுக் கேட்பதை மறுக்க அப்பாவால் முடியவில்லை. எழும்பிப் போய் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, "ஓம், ஓம்" என்றார். அடுத்த சனிக்கிழமை நான் அரினாவில் நின்றேன்.

வீடு திரும்பும்போது மாமாவின் காதுக்குள் சொன்னேன். "மாமா, அவர் அப்பிடிச் சொல்லேல்லையே."

"அப்பிடியோ? எனக்கு விளங்கினது அவ்வளவுதான் பிள்ளை."

எனக்கு மாமாவைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. இவ்வளவு காலம் கனடாவில் இருந்தும் இங்கிலீஷ் இந்த லட்சணம்! அந்தக் குளிர்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்து அவருக்குப் படிப்பித்தேன். பிழைவிட்டால் அதட்டினேன். அவர் பொறுமையாக இருந்து திருப்பித் திருப்பிச் சொன்னார்.

மாமா கோட் போட்டுக்கொண்டு 'ஒஃபிஸு'க்குப் போவார் என்பதுதான் எனக்குத் தெரியும். அங்கே என்ன செய்தார் என்பதை வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். எங்கள் சனத்தின் அகதி வழக்குகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்திருக்கிறார். ஒரு சொல் பிசகினால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடக்கூடிய இடம். சொந்தக்காரர் கெஞ்சியும் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ மறுத்து, அதனாலேயே சிலருடைய பகையைத் தேடிக்கொண்டவராம். அந்த மனிதரை முன்னால் இருத்திவைத்துத்தான், "மாமா, ஒராள் சொன்னதை அப்பிடியே மாத்தாமல் சொல்லப் பழகவேணும்" என்று நான் விரலை ஆட்டினேன். அவர் கைகட்டி இருந்து, "ஓம் ரீச்சர்" என்றார்.