குழாய் வாயில் கட்டிய துணி

1958ஆம் வருடம், ஆவணி மாதம். இலத்தூர்ப் பக்கம், செங்கோட்டை போகிற சாலையை ஒட்டி எங்கள் வயல். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது, கையில் ஐந்து மாதப் பெண் குழந்தை.

அந்த வருடம் சாரல் எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டது. குற்றாலத்துப் பேரருவியே பாறையோடு ஒட்டிக்கொண்டு இறங்கியது. குளத்தில் மாடு குளிப்பாட்டக்கூடத் தண்ணீர் இல்லை. கார் நெல் பால் பிடிக்கிற சமயம். மூன்று ஏக்கரும் கிணற்றை நம்பித்தான் நின்றது. மாடு கட்டிக் கமலை இறைத்து அத்தனைக்கும் பாய்ச்ச முடியாது.

திருவேங்கடம் என்கிற ஊரில் என் அண்ணனுடைய கிணறு வற்றிப்போய், அவனுடைய ஆயில் எஞ்சின் இரண்டு வருடமாகச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. அதை வாங்கலாம் என்று என் வீட்டுக்காரர் காதில் ஓதியது நான்தான். மாமனாருக்கு அரை மனசு. பழைய மாடும் பழைய எஞ்சினும் விற்கிறவனுக்குத்தான் லாபம் என்பது அவர் கட்சி. இருந்தாலும் பயிர் வாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் சம்மதித்தார்.

அண்ணனே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, பூட்டி ஓட்டிக் காட்டினான். கிணற்றிலிருந்து ஏறுகிற தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு சின்னக் குழாய் பிரித்து எஞ்சினுக்குள் அனுப்பும். அந்தத் தண்ணீர் உள்ளே சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு, மறுபக்கம் இன்னொரு குழாய் வழியாக வெளியே விழும். அந்தக் குழாய்த் தண்ணீரில் அடிக்கடி கையை வைத்துப் பார்க்க வேண்டும், இதமாகச் சுட்டால் எஞ்சின் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம் என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டுப் போனான்.

எஞ்சினைப் பற்றி அவனுக்குக் கவலை. எங்களுக்கோ வெந்நீர் கிடைத்த கொண்டாட்டம். மழைதான் இல்லையே தவிர, மலைக்காற்று ஜில்லென்று அடித்துக்கொண்டிருந்தது. விறகு இல்லாமல் வெந்நீர் வருகிறது என்றால் விடுவார்களா? தெருவே துணிமூட்டையோடு வந்துவிட்டது. குற்றாலத்திலே பச்சைத் தண்ணீர்தானாம், எங்கள் வயலில் வெந்நீர் அருவியாம் என்று கேலி வேறு.

ஒரே ஒரு குறை. வெகுநாள் சும்மா கிடந்த எஞ்சின் அல்லவா? தண்ணீரோடு துருவும் கசடும் வந்தது. குழந்தையின் வெள்ளைத் துணியெல்லாம் காவி ஏறிப்போயிற்று. குடிதண்ணீர்க் குழாயின் வாயில் துணி கட்டுகிற வழக்கம் நம் பெண்களில் யாருக்குத்தான் இல்லை? நானும் ஒரு பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து, எஞ்சின் குழாயின் வாயில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். தண்ணீர் பளிங்காக விழுந்தது. எனக்கு ஒரே பெருமை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. எஞ்சினில் என்னவோ குறை, ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் வாய்க்காலுக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் மாறியது. மேலே ஏற முடியாத வண்டி மாதிரி முக்கியது, ஆவி பறந்தது, எண்ணெய் தீய்ந்த வாடை அடித்தது. பிறகு சட்டென்று நின்றுபோனது. நானும் ஓடிவந்தேன்.

என் வீட்டுக்காரர் பதறிப்போய், எஞ்சின் மேல் ஊற்றுவதற்காக ஒரு வாளித் தண்ணீரோடு ஓடினார்.

“அண்ணாச்சி, ஊத்திராதீய! பச்சத் தண்ணி பட்டா இரும்பு வெடிச்சிரும்.”

கத்தியவர் ஒரு லாரி டிரைவர். ஆரியங்காவு மலை ஏறுவதற்கு முன்னால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கத் தகர டின்னோடு வந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, எஞ்சின் தானாக ஆறட்டும் என்றார். பிறகு தண்ணீர் போகிற வழியைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே எஞ்சினைச் சுற்றி வந்தார்.

அப்போதுதான் எனக்குத் துணி நினைவு வந்தது.

என் வீட்டுக்காரரும் மாமனாரும் எஞ்சினுக்கு இந்தப்பக்கம்; குழாய் அந்தப்பக்கம், நான் நின்ற பக்கம். அவர் கயிற்றை அவிழ்த்ததும் கொதிக்கிற செந்தண்ணீர் குபுக்கென்று கொட்டியது. துணி முழுக்கச் சேறு மாதிரித் துரு. துணியைப் பார்த்தார். ஈரப் புடவையோடு நிற்கிற என்னைப் பார்த்தார். அதைச் சுருட்டித் தன் டின்னுக்குள் போட்டுக்கொண்டார். “அடப்பு இருந்துச்சு, எடுத்தாச்சு” என்று மட்டும் ஆண்கள் நின்ற பக்கம் பார்த்துச் சொன்னார்.

தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். ஆனால் மாமனார் பிடித்துக்கொண்டார். உள்ளே எல்லாம் அடைத்துப்போன எஞ்சினைத் தங்கைக்கென்று தள்ளிவிட்டான், கூடப் பிறந்தவன் செய்கிற காரியமா இது என்று என் அண்ணனை வாய்க்கு வந்தபடி பேசினார்.

“ஏலே, நாளைக்கே வண்டியில ஏத்தி அவன் வாசல்ல போட்டுட்டு வா. இனிமே அவனும் இங்கன வரப்பிடாது, இவளும் அங்கன போவப்பிடாது.”

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்பா இல்லாத எனக்குப் பிறந்த வீடு என்றால் அந்த அண்ணன் ஒருவன்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் தப்பும், அவன் பேர் போய்விடும். மாமனார் எதிரில் நின்று அதுவரை நான் பேசியதே கிடையாது.

“மாமா, எங்க அண்ணன் மேல தப்பு இல்ல. கொழாய் வாயில துணியக் கட்டுனது நாந்தான்.”

மாமனார் என்னை விட்டுவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினார். பார்த்துவிட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“எஞ்சின் சூடு அர மணியில ஆறிரும் அண்ணாச்சி. வீட்டுச் சூடு லேசுல ஆறாதுல்லா. பச்சப்பிள்ளக்காரி வேற” என்றார் அவர்.

மாமனார் வரப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் எஞ்சினுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பெரிய சக்கரத்தைக் கையால் அசைத்துப் பார்த்தார். இரண்டு முறை முரண்டு பிடித்தது. மூன்றாவது முறை மெல்லச் சுற்றியது. சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி உள்ளே இருக்கிற துருவைக் கழுவச் சொல்லிவிட்டு, மோர்கூடக் குடிக்காமல் லாரிக்குப் போய்விட்டார். மலை ஏறுவதற்குள் வெயில் ஏறிவிடுமாம். பேர்கூடக் கேட்டுவைக்கவில்லை.

அன்று சாயங்காலம் எஞ்சின் ஓடியது. மேட்டு வயலில் ஒரு மூலை பதராகப் போனது, மற்றதெல்லாம் வீடு வந்து சேர்ந்தது. மாமியார் இரண்டு நாள் முணுமுணுத்தார். மாமனார் மறுநாள் காலையில், “இனி தண்ணி பாக்குதது ஒன் வேல” என்றார், அவ்வளவுதான். கரண்டு மோட்டார் வருகிற வரைக்கும் ஒன்பது வருடம் நான்தான் பார்த்தேன். கிணற்றுக்குள் குழாய் நுனியில் இருக்கிற சல்லடையில் இலை தழை அடைக்காமல் எடுக்கச் சொல்வேன். மாதம் ஒரு தடவை சோடா போட்டுக் கழுவுவேன். நாளுக்கு நாலு முறை குழாயில் கை வைப்பேன். அண்ணன் அந்தத் தீபாவளிக்கு வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டான். அவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, என்னைப் பரிமாறச் சொன்னது மாமனார்தான்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அந்த டிரைவர் அன்றைக்குத் துணியைத் தூக்கிக் காட்டி என்னைப் பிடித்துக் கொடுத்திருந்தால், நான் ஆயிரம் சாக்குச் சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியாது என்றே சாதித்திருப்பேன். முன்பின் தெரியாத ஒருவர் என் தப்பை மூடி மறைத்ததால்தான், அதை நானே திறந்து சொல்கிற தைரியம் எனக்கு வந்தது.