தூங்குகிற பிள்ளை அழுத சத்தம்

சென்ற மழைக்காலம் முழுவதும் நான் என் இடுப்புக்குப் பயந்து வாழ்ந்தேன். பேத்தியைக் கையில் வாங்கும்போது பயம். நடக்கும்போது பயம். பிள்ளை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தால் அதைவிடப் பயம். சிரிக்கிற பிள்ளையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தப் பயத்துக்குள் கிடந்தவனை ஆண்டவர் எப்படித் தேடி வந்தார் என்று, அவரை நம்புகிற என் சகோதர சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

நான் யார் என்று தெரிந்தால்தான் எவ்வளவு பெரிய விழுகை விழுந்தேன் என்று உங்களுக்குப் புரியும். கம்பம் மார்க்கெட்டில் திராட்சைப் பெட்டி தூக்கிப் பிழைத்தவன் நான். இரண்டு ஆள் பிடிக்கிற சுமையை ஒற்றை ஆளாக லாரியில் ஏற்றுவேன். லாரிக்காரர்கள் வந்து இறங்கியதும் என்னைத்தான் கேட்பார்கள். அப்பா வைத்துவிட்டுப் போனது ஒன்றும் கிடையாது. இன்றைக்குக் காமயகவுண்டன்பட்டிக்குப் போகிற வழியில் பன்னீர்த் திராட்சைப் பந்தல் ஒன்று பச்சைப்பசேல் என்று நிற்கிறதே, அது என் தோட்டம். அதில் ஒவ்வொரு கல்தூணும் என் தோளில் ஏறித்தான் அங்கே வந்து நின்றது. எப்போது கவாத்து வெட்டலாம், எப்போது மருந்து அடிக்கலாம் என்று விவசாயப் படிப்பு படித்தவர்களே என்னிடம் கேட்டுப் போவார்கள். என் வீட்டுக்காரி சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் ஜெயராணியைத் தாயில்லாத குறை தெரியாமல் வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக் கொடுத்தவனும் நான்தான்.

அந்த ஜெயராணி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். மாப்பிள்ளை குவைத்தில் டிரைவர். சுகப்பிரசவம். பெண் குழந்தை. ஊருக்கே மிட்டாய் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அப்படியே கிடந்தாள். கண் திறந்திருக்கும், அந்தக் கண்ணுக்குள் ஆள் இருக்க மாட்டாள். பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்தால் உடம்பு நடுங்கும். பிள்ளை அழுதால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். "எடுத்துட்டுப் போயிருங்கப்பா, எடுத்துட்டுப் போயிருங்க" என்பாள். வேறு பேச்சே கிடையாது. பால் கட்டி, பிறகு வற்றியும் போனது.

என் தங்கை ஆரோக்கியம் கூடவே வந்து தங்கினாள். "காத்துக் கருப்பு எதும் அண்டிருக்குமாண்ணே?" என்று என் காதோடு கேட்டாள். அவளுக்கு ஒரு அதட்டல் போட்டுவிட்டு மகளைத் தேனிக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா நிதானமாக விசாரித்தார். பிள்ளை பெற்ற சிலருக்கு இப்படி ஒரு நோய் வரும், இது அவள் குற்றம் இல்லை என்றார். மாத்திரை கொடுத்தார். அவளைத் தனியே விடக்கூடாது, பிள்ளையைக் கட்டாயப்படுத்தி மடியில் போடவும் கூடாது, அதே சமயம் பிள்ளை அந்த வீட்டிலேயே வளரட்டும் என்றார்.

இதைக் கேள்விப்பட்ட சம்மந்தியம்மா போடியிலிருந்து போன் போட்டார். "பிள்ளைய நாங்க கொண்டாந்து வச்சுக்கிறோம். ஒங்க மக எந்திரிச்சு நடமாடட்டும், பெறகு பாப்போம்" என்றார். அந்த 'பெறகு பாப்போம்' என் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. பிள்ளை என் வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் என் மகள் சுவரை விட்டுத் திரும்பவே மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "எம் பேத்திய எனக்குத் தூக்கத் தெரியும். லோடு ஏத்துனவன் நான்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

தூக்கினேன். பால் பவுடர் கலக்கினேன். துணி மாற்றினேன். ஊரில் எந்த ஆம்பளையும் செய்யாத வேலையெல்லாம் செய்தேன், அதையும் நன்றாகவே செய்தேன். அப்போதுதான் அது வந்தது.

ஆரோக்கியம் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி முடித்து, துண்டில் சுற்றி நீட்டினாள். குனிந்து வாங்கினேன். இடுப்புக் குறுக்கில் யாரோ கடப்பாரையை இறக்கியதுபோல் இருந்தது. மூச்சு நின்றுவிட்டது. பிள்ளையைத் திரும்ப அவள் காலிலேயே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. கம்பத்துக்கு ஆளனுப்பித் தைலம் வாங்கித் தேய்த்ததில் சில நாளில் சரியானது. சரியானது என்று நான் நினைத்தேன். போன வலி திரும்ப வந்தது. பிறகு போனது. பிறகு வந்தது. வரும்போது சொல்லிக்கொண்டு வராது. வலி இல்லாத நாளில்தான் எனக்குப் பயம் அதிகம். எனக்குப் பின்னால் ஒருத்தன் ஒட்டிக்கொண்டே நடக்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுவர் ஓரமாகவே நடந்தேன். வலி பிடித்தால் முன்னால் விழக்கூடாது, மல்லாந்து விழ வேண்டும், பிள்ளை என் நெஞ்சின் மேல் கிடக்க வேண்டும் என்று யோசித்தேன். தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் மல்லாந்து விழுந்து விழுந்து பழகினேன். ஆரோக்கியம் பார்த்துவிட்டாள்.

"என்னண்ணே, இந்த வயசுல குஸ்தி பழகுற?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரிடம் போனால் பிள்ளையைத் தூக்காதே என்று சொல்லிவிடுவார்கள் என்று போகாமல் இருந்தேன். கோவிலுக்குப் போனேன். நான் செபம் செய்கிற விதமே தனி. வேலையாளுக்கு வேலை சொல்வதுபோல் ஆண்டவருக்கு விவரமாகச் சொல்வேன். "இடுப்பைச் சரிபண்ணிக் கொடும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். ஞாயிறுக்கு ஞாயிறு அதையே சொன்னேன். இடுப்பு சரியாகவில்லை.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. திராட்சைக்கு அதுதான் கெட்ட நேரம். மழை விட்ட உடனே மருந்து அடிக்காவிட்டால் நோய் விழுந்து கொத்தெல்லாம் கருகிவிடும். பக்கத்துத் தோட்டத்துப் பாண்டி என்னைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டான். "எப்ப அடிக்கட்டும் மாமா?" என்று கேட்டான். "மழை விட்டுச்சுன்னா அன்னைக்குக் காலையிலேயே மெஷினப் போட்டுரு. எவனையும் எதிர்பாக்காத" என்று சொல்லியனுப்பினேன்.

ஒரு காலையில் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. பாண்டிக்குச் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை. பிள்ளை சிணுங்கிக்கொண்டே இருந்தாள். உள்ளே ஜெயராணி காதைப் பொத்தத் தொடங்கிவிட்டாள். எங்கள் வீடு தோட்டத்தின் ஒரு முனையில்தான் இருக்கிறது. ஆரோக்கியத்தை மகளோடு இருக்கச் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் போனேன். கொத்துகளையும் பார்த்த மாதிரி இருக்கும், பிள்ளையும் தூங்குவாள் என்று நினைத்தேன். கடைசி வரிசையில், பாண்டியின் வேலியை ஒட்டி, இரண்டு கல்தூணுக்கு நடுவே கயிறு கட்டிச் சேலைத் தொட்டில் போட்டேன். நல்ல நிழல். பிள்ளை தூங்கிவிட்டாள். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் மெஷின் உறுமியது. ஒரு நொடி எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு வாடை வந்தது. காற்று எங்கள் பக்கம். வெள்ளையாகப் புகை மாதிரி மருந்து பாண்டியின் பந்தலுக்கு மேலே எழும்புவது தெரிந்தது. நான் வாலிபத்தில் மூக்கில் துணி கட்டாமல் மருந்தடித்து மயங்கி விழுந்தவன். மலை மாதிரி இருந்த என்னையே சாய்த்த மருந்து அது. இது பால் மணம் மாறாத பிள்ளை.

பந்தல் தணிவு. குனிந்தபடியே திரும்பித் தொட்டிலுக்குள் கையை விட்டேன். பிடித்துக்கொண்டது. அதுவரை வந்த வலியெல்லாம் இதற்கு ஒத்திகைதான் போல. கால் இரண்டும் என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. ஈர மண்ணில் பக்கவாட்டில் விழுந்தேன். பிள்ளை தொட்டிலில் இருந்தாள். கையை நீட்டினால் சேலையின் அடிப்பக்கம் விரல் நுனியில் படுகிறது, அவ்வளவுதான். பிடித்து இழுத்து எழுந்தால் பிள்ளை கவிழ்ந்துவிடுவாள். தோளில் கிடந்த துண்டைத் தொட்டிலின் மேல் மூடுவதற்காக வீசினேன். பாதி வழியில் விழுந்தது. "ஏலே பாண்டி! ஏலே, நிப்பாட்டுடா!" என்று கத்தினேன். மெஷின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வாடை நெருங்கிக்கொண்டே வந்தது. பிள்ளையிடம் அசைவில்லை. தூங்குகிறாளா, மயங்கிவிட்டாளா? சேலைக்குள் அவள் முதுகு உருண்டையாகத் தெரிந்தது. அது ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஏறி இறங்கியது. பிறகு என் கண்ணில் தண்ணீர் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை.

அப்போது நான் செய்த செபத்தில் விவரம் ஒன்றும் இல்லை. "முடியலப்பா. என்னால முடியல. யாராவது வாங்க." அதைத்தான் சொன்னேன், வாய்க்குள்ளேயே. என் வாழ்நாளில் யாரிடமும் 'முடியவில்லை' என்று சொன்னவன் இல்லை நான்.

பந்தலுக்கு அடியில் குனிந்தபடி ஒரு உருவம் ஓடி வந்தது. நைட்டி சேற்றில் இழுபட, தலை விரிந்து, செருப்பில்லாமல். ஆரோக்கியம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஜெயராணி. வாரக்கணக்காகச் சுவரை விட்டுத் திரும்பாத என் மகள். என்னைத் தாண்டிப் போய்த் தொட்டிலுக்குள் கையை விட்டாள். பிள்ளையை வாரி எடுத்து நெஞ்சோடு அமுக்கி, என் துண்டை எடுத்து அதன் முகத்தில் போட்டாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள். அந்தக் கண்ணுக்குள் ஆள் இருந்தாள்.

"பிள்ள இந்தக் கத்து கத்துது, ஒங்களுக்குக் கேக்கலையாப்பா?"

பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஓடுத்தா, வீட்டுக்கு ஓடு" என்றேன். ஓடினாள். அவள் பின்னாலேயே மூச்சு வாங்க வந்த ஆரோக்கியம் வேலியில் ஏறி நின்று கூப்பாடு போட்டாள். மெஷின் நின்றது. பாண்டி வந்து பார்த்து நடுங்கிவிட்டான். நிலைமை தெரிந்த பிறகு, என்னைக் கட்டிலோடு தூக்கிப் போகும்போது அவன் வாய் சும்மா இருக்கவில்லை. "ஒத்த ஆளா லாரிய நெறப்புனேன்னு சொன்னீக. இப்ப ஒங்களத் தூக்க நாலு பேரு வேண்டிருக்கே மாமா." அடிக்கவா முடியும்? அழுதுகொண்டே சிரித்தேன்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்னார். ஆண்டவருக்குத் தோத்திரம்.

ஆரோக்கியத்திடம் தனியே விசாரித்தேன். அவள் சொன்னது இது: "படுத்துக் கெடந்த புள்ள விருட்டுனு எந்திரிச்சாண்ணே. 'அத்தை, பாப்பா அழுகுது'ன்னா. எனக்கு மெஷின் சத்தந்தான் கேட்டுச்சு. 'அங்கன ஒண்ணும் இல்லடி'ங்குறதுக்குள்ள வாசலத் தாண்டிட்டா." பாண்டியையும் கேட்டேன். அவனுக்கும் எந்த அழுகையும் கேட்கவில்லை. நான் தொட்டிலுக்கு அடியிலேயே கிடந்தவன். பிள்ளை அழவில்லை. சத்தியமாக அழவில்லை. அப்படியானால் என் மகளின் காதில் அழுதது யார்?

ஒரு நாள் மகளிடமே கேட்டேன். அவள் பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "அழுதுச்சுப்பா. எங்கிட்டத்தான் அழுதுச்சு" என்றாள்.

அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாள் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்தாள். மாத்திரை தொடர்ந்தது. தேனிக்குப் போய் வந்தோம். ஆனால் பிள்ளை அழும்போது காதைப் பொத்துவதை விட்டுவிட்டாள். கொஞ்சங்கொஞ்சமாக எழுந்து வந்தாள். சம்மந்தியம்மா பார்க்க வந்தவர், மகள் பிள்ளைக்குப் பால் புகட்டுவதைப் பார்த்துவிட்டு, கூட்டிப்போகும் பேச்சை எடுக்காமலே ஊருக்குப் போனார். ஞானஸ்நானத்தன்று பிள்ளையை ஜெயராணியே ஏந்திக்கொண்டு கோவிலுக்குள் நடந்தாள். நான் பின்னால் வெறுங்கையோடு போனேன். சுமை இல்லாமல் நான் நடந்த முதல் நடை அதுதான் என்று நினைக்கிறேன்.

என் இடுப்பா? டாக்டரிடம் போனேன். ஸ்கேன் பார்த்து டிஸ்க் விலகியிருக்கிறது என்றார்கள். பெல்ட் கொடுத்தார்கள், படுத்துக்கொண்டு செய்கிற பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். அதையும் மற்றவர்களைவிட ஒழுங்காகவே செய்கிறேன். வலி இன்னும் வருகிறது, போகிறது. பேத்தியை நான் தூக்குவதில்லை. நாற்காலியில் உட்காருவேன், யாராவது மடியில் கொண்டுவந்து வைப்பார்கள். முழங்கால் போட முடியாததால் கோவிலிலும் நாற்காலிதான். ஆண்டவருக்கு இப்போது வேலை சொல்வதில்லை. மழை விட்ட காலையில் எங்கேயாவது மருந்து மெஷின் ஓடினால், "பேத்தி எங்கே?" என்று கேட்பேன். என் மடியில்தான் உட்கார்ந்திருப்பாள். இருந்தாலும் கேட்பேன்.

வலியோடும் கையில் பிள்ளையோடும் இதைப் படிக்கிறவர்களே, நான் இடுப்பைக் கேட்டேன், அவர் என் மகளைத் திருப்பிக் கொடுத்தார். நீங்களும் கேளுங்கள். முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே சொல்லுங்கள். உங்கள் குரல் உங்களுக்கே கேட்காத இடத்தில் விழுந்து கிடந்தாலும் கூப்பிடுங்கள். அதை யார் காதில் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.